ஆறாம் அத்தியாயம்: நாற்காலி முதல் நவராத்திரி வரை

பூனை வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே உங்கள் நாற்காலி கைமாறிவிடும். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அது அங்கே சுருண்டிருக்கும். நீங்கள் உட்கார்ந்த சூடுதான் அதற்கு வேண்டும். பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நம்முடையதைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதல். உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தனியாகச் சக்தி செலவழிக்காமல் அது சுகமாக இருக்க, சுற்றுப்புறம் 30 டிகிரிக்கு மேல் இருக்கவேண்டும். நாம் விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு வியர்வை துடைக்கும் அறையில் அதற்கு லேசாகக் குளிரும். செட்டாப் பாக்ஸின் மேல், லேப்டாப்பின் மேல், இப்போதுதான் இஸ்திரி போட்டு அடுக்கிய சட்டைகளின் மேல் அது போய்ப் படுப்பது குறும்பினால் அல்ல.

இந்த விஷயத்தில் பூனையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். வீட்டில் அதிகம் உட்காரும் இடத்தில் இரண்டு நாற்காலிகளாகப் போட்டுவிடுங்கள். எழுந்திருக்கும்போது, அதுவரை உங்களுக்குக் கீழே இருந்த துண்டை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் விரியுங்கள். சூடும் உங்கள் வாசனையும் அங்கே போய்விட்டால் பூனையும் அங்கே போகும். வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்ப்பவர்கள் மேசையின் ஓரத்தில், கைக்கு எட்டும் தூரத்தில், ஓர் அட்டைப்பெட்டியை வைத்து உள்ளே பழைய பனியனைப் போடுங்கள். விசைப்பலகை பெரும்பாலும் உங்கள் கைக்கே திரும்பி வரும். காணொளிக் கூட்டத்தில் திரைக்குக் குறுக்கே நிமிர்ந்த வால் ஒன்று போகத்தான் செய்யும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பூனை வளர்ப்பவர்கள் அதற்காக எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று கேட்டால் மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பாதிக் கட்டிலில் படுக்கிறவர்கள், பால்கனியில் துணி காயப்போடுவதை விட்டவர்கள், கணவனும் மனைவியும் சேர்ந்து கல்யாணத்துக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டவர்கள் என்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் இந்தத் தியாகங்களில் எது உண்மையில் பூனைக்குப் போய்ச் சேருகிறது, எது நம் ஆசைக்காக நாம் செய்துகொள்வது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பூனை தானாகத் தேடிப் போகும் இடம், நேரம், பொருள் ஆகியவற்றில் விட்டுக்கொடுங்கள். நீங்களாகக் கற்பனை செய்து வாங்கித் தருவதில் காசைக் கொட்டவேண்டாம். மெத்தை போட்ட பூனைக் கட்டிலை வாங்கி வந்தால், அது வந்த அட்டைப்பெட்டியில்தான் பூனை உட்காரும். நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2014-இல் ஒரு பூனைக் காப்பகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த புதுப் பூனைகள் முதல் சில நாட்களில் மற்றவற்றைவிட வேகமாகப் பதற்றம் தணிந்தன. ஆகவே மளிகை வந்த பெட்டியை உடனே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கூடத்து மூலையில் சில நாள் கிடந்தால் வீட்டின் அழகு ஒன்றும் கெட்டுவிடாது.

மடியில் தூங்கும் பூனை

மடியில் பூனை தூங்கிவிட்டால் எழுந்திருக்க முடியாது. அழைப்பு மணி அடிக்கும், குக்கர் கூவும், கால் மரத்துப்போகும், வீட்டில் இருக்கும் மற்றவர்களிடம் சைகையால் தண்ணீர் கேட்போம். பூனை வளர்க்கும் எல்லா வீட்டிலும் இது நடக்கிறது. இதற்கு வெட்கப்படத் தேவையில்லை. வேட்டையாடும் இனத்தில் பிறந்த ஒரு பிராணி, தூங்கும் நேரத்தில் முழு உடம்பையும் இன்னொரு உயிரின் மேல் கிடத்துவது சின்ன விஷயமில்லை.

உட்காருவதற்கு முன் ஆயத்தம் செய்துகொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். தண்ணீர் பாட்டில், கைப்பேசி, அதன் சார்ஜர், மூக்குக் கண்ணாடி, டிவி ரிமோட் எல்லாம் கை நீட்டினால் எட்டவேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். கால்மேல் கால் போட்டுக்கொண்டு பூனையை மடியில் ஏற்றிக்கொள்ளாதீர்கள், பத்தே நிமிடத்தில் கால் மரத்துவிடும். இரண்டு பாதங்களும் தரையில் பதியவேண்டும், முதுகுக்குச் சாய்மானம் வேண்டும்.

எழுந்தே ஆகவேண்டும் என்றால் பூனையைத் தூக்காதீர்கள். பக்கத்தில் ஒரு தலையணையை மடியின் உயரத்துக்கு வையுங்கள். ஒரு கையை அதன் மார்புக்கு அடியிலும் இன்னொரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, படுத்த வாக்கிலேயே மெல்ல நகர்த்துங்கள். நடுவில் கண்ணைத் திறந்து உங்களைப் பார்த்தால் நீங்களும் பார்த்து, கண்களை நிதானமாகப் பாதி மூடித் திறங்கள். 2020-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். மெல்லக் கண் சிமிட்டும் மனிதர்களுக்குப் பூனைகளும் அதேபோல் சிமிட்டிப் பதில் தந்தன. சிமிட்டியபின் பெரும்பாலும் மறுபடி தூங்கிவிடும்.

கட்டிலும் விடியற்காலையும்

கட்டிலில் பூனைக்கு இடம் கொடுப்பதா வேண்டாமா என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். ஒரு வாரம் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் கதவைச் சாத்தினால், அந்தக் கதவு உங்களைத் தூங்கவிடாது. கொடுப்பதானால் கால்மாட்டில் ஒரு தனிப் போர்வையை மடித்துப் போடுங்கள். அப்படியும் நடு இரவில் அது இருவருக்கும் நடுவில் வந்துவிடும். மூன்று கிலோப் பூனை எப்படித்தான் முக்கால் கட்டிலை எடுத்துக்கொள்கிறதோ, வளர்க்கிற யாராலும் இதுவரை விளக்க முடியவில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும், குழந்தை தூங்கும் அறைக்குள் பூனையை விடாதீர்கள்.

விடியற்காலை நாலரைக்குப் பூனை உங்கள் கன்னத்தைத் தட்டும். அந்திக்கும் விடியலுக்கும் சுறுசுறுப்பாக இருப்பது அதன் இயல்பு. எலியும் சிறு பறவையும் நடமாடும் நேரம் அதுதான். நீங்கள் எழுந்து அப்போதே தட்டில் உணவு வைத்தால், மறுநாள் நாலேகாலுக்குத் தட்டும். தூக்கத்தைத் தியாகம் செய்ய எத்தனையோ நல்ல காரணங்கள் இருக்கின்றன, இது அதில் சேராது. இரவு நீங்கள் படுக்கப்போகும் முன் பத்து நிமிடம் ஒரு குச்சியில் இறகைக் கட்டி அதை ஓடவிட்டு விளையாடுங்கள், அதன்பின் அன்றைய கடைசி உணவை வையுங்கள். வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்ற வரிசையில்தான் பூனையின் உடம்பு ஓடுகிறது. காலையில் எழுந்தவுடன் உணவு வைக்காமல், பல் தேய்த்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டபின் வையுங்கள். சில வாரங்களில், உணவு வருவது கோலத்துக்குப் பிறகுதான் என்று அதற்குப் பழகிவிடும். ஈரம் காயாத கோலத்தில் நாலு பாதச் சுவடு பதிவதை மட்டும் தடுக்க முடியாது.

சைவ வீட்டில் மீன்

இந்த அத்தியாயத்தில் நான் அதிகம் மதிக்கும் தியாகம் இதுதான். தலைமுறை தலைமுறையாக முட்டைகூட நுழையாத வீட்டில் ஒரு பூனைக்குட்டி வந்து சேர்கிறது. மழையில் நனைந்து கத்திக்கொண்டிருந்ததைப் பேத்தி எடுத்து வந்திருப்பாள். முதல் சில நாள் பால், பிறகு தயிர்சாதம். குட்டி சாப்பிடத்தான் செய்கிறது. ஆனால் வளரவில்லை, ரோமத்தில் பளபளப்பில்லை, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

காரணம் எளிது. தாய்ப்பால் மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பசும்பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. அதைவிட முக்கியமானது டாரின் என்ற சத்து. நம் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும். பூனையின் உடம்பால் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் பெறவேண்டும். கிடைக்காவிட்டால் மெல்லமெல்ல விழித்திரை கெட்டுப் பார்வை போகும். இதயத்தசையைத் தளரவைக்கும் ஒரு நோய்க்கும் டாரின் குறைவே காரணம் என்று 1987-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பூனையைச் சைவமாக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள். கொள்கை உங்களுடையது, விலை கொடுப்பது பூனையின் கண்ணும் இதயமும்.

அதனால் மாமி மீன் கடைக்குப் போகிறார். மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இது வாராவாரம் நடக்கிறது. மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு அவர் நிற்பதைப் பார்த்த மீன்காரம்மா முதல்நாள் திகைத்துவிட்டாராம்.

“மாமி, வழி மாறி வந்துட்டியா?”

“இல்லம்மா, பூனைக்கு. செதில், குடல் எல்லாம் நீயே எடுத்துக் குடுத்துடு. எனக்குக் கை வராது.”

“பூனைக்குன்னா மத்தி எடுத்துக்க. வஞ்சிரம் எதுக்கு, காசு தண்டம்.”

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை அனுப்பலாமே என்று அவரிடம் கேட்டால், “நம்ம பூனைக்கு நாமதானே போகணும், அவ எதுக்கு அலையணும்?” என்கிறார். வேறொரு காரணத்துக்காக இதையே செய்த இன்னொருவர் உண்டு. ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன், ஹாட்ஜ் என்ற தன் பூனைக்குச் சிப்பி வாங்கத் தானே கடைக்குப் போவார். வேலைக்காரர்களை அனுப்பினால் அவர்களுக்கு அந்தப் பூனைமேல் வெறுப்பு வந்துவிடும் என்று பயந்தார். பாஸ்வெல் தன் ஜான்சன் வரலாற்றில் இதை எழுதிவைத்திருக்கிறார். லண்டனில் ஜான்சன் வாழ்ந்த வீட்டுக்கு எதிரே, அகராதியின் மேல் ஹாட்ஜ் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் சிப்பி ஓடு கிடக்கும் வெண்கலச் சிலையை 1997-இல் வைத்தார்கள்.

இனி அடுப்படி விஷயம். மாமி வீட்டில் மொட்டைமாடியில் ஒரு தனி இண்டக்ஷன் அடுப்பு, ஒரு சின்னக் குக்கர், ஒரு கரண்டி. அவை மாடியை விட்டு இறங்குவதில்லை. உங்களுக்கு மாடி இல்லையென்றால் பால்கனி போதும். மீனைப் பச்சையாகக் கொடுக்கவேண்டாம். மத்தி போன்ற மீன்களில் பச்சையாக இருக்கும்போது தயமின் என்ற பி1 வைட்டமினைச் சிதைக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. வெந்தால் அது செயலிழந்துவிடும். உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குக்கரில் நன்றாக வேகவிட்டு, ஆறியபின் விரலால் பிசைந்து, நெருடும் முள்ளை எடுத்துவிடுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். டாரின் தண்ணீரில் கரையும். அதில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும். மீனோடு சேர்த்து ஊற்றிக் கொடுங்கள். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பிராணிக்கு அதுவே நல்லது.

தினமும் மீன் மட்டும் என்பதும் சரியில்லை. எண்ணெய்ப்பசை மிகுந்த மீனையே தொடர்ந்து தின்னும் பூனைக்கு வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வீங்கி வலிக்கும் நோய் வரும். முழுமையான பூனை உணவு என்று அச்சிட்ட பாக்கெட் உணவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் மீன், ஒரு நாள் வேகவைத்த கோழி என்று போங்கள். நாய்க்கான உணவைக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். அதில் பூனைக்கு வேண்டிய டாரின் இருக்காது.

சோபா

சோபாவின் கையைப் பூனை பிறாண்டும். நகத்தின் மேல் பழைய உறை கழலவேண்டும், முதுகெலும்பை நீட்டி நெளிக்கவேண்டும், பாதத்தில் உள்ள சுரப்பிகளின் வாசனையை அங்கே பதிக்கவேண்டும். மூன்று வேலையும் ஒரே இடத்தில் முடிகிறது. நகத்தை அறுவை செய்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது நகவெட்டு அல்ல, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் துண்டிப்பது.

தேங்காய் நார்க் கயிறு நம் ஊரில் மலிவு. ஒரு மீட்டர் உயரமுள்ள மரக்கட்டையிலோ தடிமனான குழாயிலோ இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்றி, கனமான பலகையில் ஆடாமல் பொருத்துங்கள். ஒருதரம் ஆடினால் பூனை அதைத் தொடாது. இதைக் கொண்டுபோய் யாரும் பார்க்காத மூலையில் வைக்கக்கூடாது. சோபாவின் கைக்குப் பக்கத்திலேயே, கூடத்தின் நடுவில் நிற்கவேண்டும். விருந்தாளிகள் என்னவென்று கேட்பார்கள், பதில் சொல்லுங்கள். குப்பைமேனிச் செடியின் வேரைக் கழுவி அந்தக் கயிற்றின் மேல் தேய்த்துவிட்டால் பல பூனைகள் மயங்கிக் கன்னத்தை உரசும். பூனைவணங்கி என்று அந்தச் செடிக்கு இன்னொரு பெயரே உண்டு. தேய்ப்பதோடு சரி, தின்ன விடாதீர்கள்.

புது வெல்வெட் சோபாவை மட்டும் இன்னும் சில வருஷங்களுக்கு மறந்துவிடுங்கள். நெருக்கமாக நெய்த, நூல் இழுபடாத துணி நீடிக்கும்.

பினாயிலும் பூச்சரமும்

இதுவரை சொன்னவற்றில் தவறினால் சோபாதான் போகும். இங்கே தவறினால் பூனையே போய்விடும். அதனால் இந்தப் பகுதியை வீட்டில் எல்லோரும் படிக்கவேண்டும்.

தரை துடைக்கும் தண்ணீரில் பினாயில் ஊற்றுவதை நிறுத்துங்கள். அந்த வாசனை வந்தால்தான் வீடு சுத்தமானதாக நினைத்து வளர்ந்தவர்கள் நாம், விடுவது கடினம். கருப்புப் பினாயிலோ வெள்ளைப் பினாயிலோ, இரண்டும் பூனைக்கு ஆகாது. மற்ற பிராணிகளின் கல்லீரல் இத்தகைய பொருட்களை எளிதில் முறித்து வெளியேற்றும், பூனையின் கல்லீரலில் அந்த வசதி மிகக் குறைவு. ஈரத்தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கும்போது அது நேரே வயிற்றுக்குள் போகிறது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, நல்ல தண்ணீரில் இன்னொரு தரம் துடையுங்கள். அதே கல்லீரல் காரணத்தால் பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். காய்ச்சலடிக்கிறது என்று அரை மாத்திரை கொடுக்கும் அன்பு வேண்டவே வேண்டாம். நாய்க்கு உண்ணி போக்கத் தடவும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படித்தான்.

மல்லிகையால் பூனைக்கு ஆபத்தில்லை. அதைத் தொடுத்த நூலும் நாரும்தான் ஆபத்து. சாயங்காலம் தலையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த சரத்தைப் பூனை இழுத்து விளையாடும், விழுங்கும். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போன நூலை அதனால் துப்ப முடியாது. நீளமான நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும், பிறகு அறுவை சிகிச்சைதான். பூவை எடுத்ததும் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். தையல் நூல், ஊசி, தலைமுடி ரப்பர் எல்லாவற்றுக்கும் இதே சட்டம். ஆசனவாயிலிருந்து நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பூங்கொத்தில் வரும் லில்லி வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. இதழ், இலை, மகரந்தம், குவளைத் தண்ணீர் எது உள்ளே போனாலும் சிறுநீரகம் செயலிழக்கும். மணி பிளாண்ட் அந்த அளவு மோசமில்லை, வாய் எரியும், எச்சில் வழியும். அதை எட்டாத இடத்துக்கு மாற்றினால் போதும்.

குளியலறையில் ஒரு பங்கு

ஒரு பூனைக்கு இரண்டு மண்தொட்டி, இரண்டு பூனைக்கு மூன்று என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஆக, இரண்டு குளியலறை வீட்டில் ஒன்றின் பாதியை எழுதிக் கொடுத்துவிடவேண்டியதுதான். தொட்டி, பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையுள்ள நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கவேண்டும். கடையில் பூனைக்கென்று விற்பவை பலவும் சிறியவை. துணி துவைக்கும் அகலமான பிளாஸ்டிக் தொட்டி மலிவு, வசதி. நனைந்தால் கட்டியாகும் பெண்டோனைட் மண் சுலபம். சல்லடையில் சலித்த ஆற்றுமணலும் ஆகும், ஆனால் அடிக்கடி மாற்றவேண்டும்.

தினமும் அள்ளுங்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்கிருமி பூனையின் மலத்தில் வந்தாலும், வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாள் ஆனபின்தான் தொற்றும் தன்மை பெறுகிறது. அன்றன்றே அள்ளும் வீட்டில் ஆபத்து வெகுவாகக் குறையும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தப் பத்து மாதமும் இந்த வேலை கணவனுடையது. பூனையைத் துரத்திவிடச் சொல்லும் உறவினர்களுக்கு இதையே பதிலாகச் சொல்லலாம்.

பால்கனி

மேல்மாடி வீடு என்றால், கம்பி வலை போடாமல் பூனையை வளர்க்காதீர்கள். புறா வராமல் கட்டும் நைலான் வலையைப் பூனை கடித்துவிடும். உலோக வலைதான் வேண்டும். மாடியிலிருந்து விழுந்தாலும் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள். 1987-இல் நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. சிகிச்சைக்குப் பின் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தன. எல்லோரும் சொல்வது இந்த ஒரு வரியைத்தான். பிழைத்தவற்றில் எத்தனையோ பூனைகளுக்கு நுரையீரல் அடிபட்டு, அண்ணம் பிளந்து, கால் முறிந்திருந்தது. வலை போட்டபின் கடல் தெரியும் காட்சி கட்டம் கட்டமாகத்தான் தெரியும், துணியைக் கொடி கட்டி வெளியே நீட்ட முடியாது. கொடியை உள்ளே கட்டுங்கள். வெயில் விழும் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டால், காகத்தையும் அணிலையும் பார்த்துக்கொண்டே பூனை அரை நாளை ஓட்டிவிடும்.

வேண்டாத தியாகங்கள்

சட்டை தைத்துப் போடாதீர்கள். மாதாமாதம் குளிப்பாட்டாதீர்கள், அது தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது. பிறந்தநாள் கேக் வெட்டினால் நீங்கள் சாப்பிடுங்கள். இனிப்பை உணரும் மரபணு பூனைக்குப் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005-இல் கண்டுபிடித்துவிட்டார்கள், அதற்கு இனிப்புச் சுவையே தெரியாது. நாட்டுப் பூனைக்காக நாள் முழுக்க ஏசி ஓடவேண்டியதில்லை; நிழல், ஓடும் விசிறி, மண்சட்டியில் தண்ணீர் போதும். சப்பை மூக்குப் பாரசீகப் பூனை வேறு விஷயம். அதற்கு மூச்சுவிடவே சிரமம், சித்திரை வெயிலில் குளிர்ந்த அறை அவசியம். அந்த மின்கட்டணத்தைக் கட்ட முடியாதவர்கள் அந்த இனத்தை வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தெருவில் தாயில்லாமல் கத்தும் குட்டிகளுக்குக் குறைவில்லாத ஊர் இது.

கொலு, தீபாவளி, கல்யாணம்

ஒன்பது படி கட்டி வெள்ளைத் துணி விரித்ததும் பூனை மேல்படியில் போய் உட்காரும். உயரமான இடம், புதுத் துணி, வீடே திரும்பிப் பார்க்கிறது, வேறென்ன வேண்டும்? பொம்மைகளை அடுக்குவதற்கு இரண்டு நாள் முன்பே படிகளைக் கட்டிவிடுங்கள். ஏறி இறங்கி, முகர்ந்து, தூங்கி, பூனைக்கு அது பழைய பொருளாகட்டும். பக்கத்தில் அதைவிட உயரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு அதே துணியை விரித்தால் பல பூனைகள் அங்கே மாறிவிடும். களிமண் பொம்மைகளைப் படியின் உள்பக்கமாகத் தள்ளி, அடியில் இருபக்கமும் ஒட்டும் டேப் வையுங்கள். ஓரங்களில் மரப்பாச்சிகளை நிறுத்துங்கள், விழுந்தாலும் உடையாது. குத்துவிளக்கின் திரியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் எரியவிடுங்கள். தாத்தா காலத்துத் தசாவதார செட் இருந்தால், பூனையின் முதல் இரண்டு வருஷம் அது பெட்டியிலேயே இருப்பது நல்லது. சுண்டல் வாங்க வந்த பிள்ளைகள் பொம்மையைவிடப் பூனையைத்தான் பார்ப்பார்கள்.

தீபாவளியன்று ஊருக்குப் போகாதீர்கள். மனிதக் காது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், பூனைக்கு 60-க்கும் மேல் கேட்கும். தெருவில் சரவெடி வெடிக்கும்போது அது அலமாரிக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருக்கும். முன்தினமே உள்ளறை ஒன்றில் பெட்டி, தண்ணீர், மண்தொட்டி எல்லாம் வைத்து, ஜன்னலைச் சாத்தி, விசிறியைச் சத்தமாக ஓடவிடுங்கள். ஒளிந்த இடத்திலிருந்து இழுத்து மடியில் வைக்காதீர்கள். நீங்களும் அதே அறையில் உட்கார்ந்து புத்தகம் படியுங்கள், போதும். அதிரசத்தை அங்கேயே கொண்டுவரச் சொல்லிச் சாப்பிடலாம்.

கல்யாணத்துக்குப் பூனை வீட்டுக்காரர்கள் முறைபோட்டுப் போகிறார்கள். முன்தினம் மாலை வரவேற்புக்கு அவர், மறுநாள் முகூர்த்தத்துக்கு இவர். “ஏன் தனியா வந்திருக்கே? அவர் எங்கே?” என்று பந்தியில் எல்லோரும் கேட்பார்கள். முழங்கால் வலி என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். பூனைக்குத் துணையாக இருக்கிறார் என்றே சொல்லுங்கள். அப்படிச் சொன்னால், அந்த ஊரில் பூனை வளர்க்கும் இன்னொருவர் பந்தியிலிருந்தே எழுந்து வந்து பேச்சுக் கொடுப்பார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பது இப்படித்தான்.

இருவரும் போயே ஆகவேண்டுமென்றால், பூனையை இடம் மாற்றாமல், பார்த்துக்கொள்பவரை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பூனைக்குத் தன் இடம் மாறக்கூடாது. நகைப்பாடல்கள் எழுதிய ஆங்கிலக் கவிஞர் எட்வர்ட் லியர் இத்தாலியின் சான் ரெமோவில் புதுவீடு கட்டியபோது, தன் பூனை ஃபாஸ் குழம்பிவிடக்கூடாதென்று பழைய வீட்டின் அதே அமைப்பிலேயே கட்டினார் என்று சொல்வார்கள். நம்மால் அவ்வளவு முடியாது. வீடு மாற்றினால், முதல் வாரம் ஒரே அறையில் பழைய போர்வை, பழைய தட்டு, பழைய மண்தொட்டியோடு வைத்திருந்து, பிறகு ஒவ்வோர் அறையாகத் திறந்துவிடுங்கள்.

பார்த்துக்கொள்ள வருபவரிடம் சாவியோடு ஒரு தாளையும் கொடுங்கள். எத்தனை வேளை, எவ்வளவு உணவு, மண்தொட்டி எங்கே, எந்த அலமாரிக்குள் ஒளியும், எந்தக் கால்நடை மருத்துவர் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். கடித்தாலோ பிறாண்டி ரத்தம் வந்தாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்பதையும், பூனைக்குக் கடைசியாக வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதியையும் அதே தாளில் எழுதுங்கள். கிளம்பும் அன்று காலை நீங்கள் உடுத்தியிருந்த உடுப்பைத் துவைக்கப் போடாமல் அந்த நாற்காலியில் விட்டுவிட்டுப் போங்கள்.